முதலில் முகம், பிறகு நிகழ்ச்சி

பள்ளி ஆண்டு தொடங்கியதும் ஆண்டு மலர்க் குழு கூடும். போன ஆண்டின் ‘மஜாலா’வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டியல் போட்டுவிடலாம்: முதல்வர் உரை, விளையாட்டுப் போட்டிக்கு 8 பக்கம், ஆசிரியர் தினத்துக்கு 4 பக்கம், கழகங்கள், வகுப்புப் படங்கள். எல்லாம் நாட்காட்டிப்படி நடக்கும் என்ற நம்பிக்கையில் போடும் பட்டியல் இது.

அந்த நம்பிக்கையை நம் நாடு பலமுறை சோதித்திருக்கிறது. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல பள்ளிகள் மூடப்பட்டன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டு ஆசிரியர் தினமான மே 16-இல் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. ஐந்தாம் படிவ மாணவர்கள் ஜூன் 24-இல் திரும்பினார்கள். நவம்பரில் மறுபடியும் மூடல். அவர்களின் எஸ்பிஎம் தேர்வு 2021 பிப்ரவரி 22-இல்தான் தொடங்கியது. பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்க, இடையில் நான்கைந்து மாதங்களே இருந்தன. “தேர்வு முடியட்டும், நிதானமாக எடுக்கலாம்” என்று தள்ளிப்போடும் குழுவுக்கு அந்த வாய்ப்பு திரும்பி வராது.

இந்த ஆண்டு மலர்க் குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளே, பக்கங்களை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மாணவரின் முகமும் பெயரும் முதல் பட்டியல். இதை முதல் இரண்டு மாதத்திலேயே முடித்துவிடுங்கள். நிகழ்ச்சிகள் இரண்டாவது. ஒரு நிகழ்ச்சி நடந்தால் இரண்டு வாரத்துக்குள் அதன் பக்கம் தயாராகட்டும். ஆண்டு இறுதி வரை படங்களைக் குவித்து வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இருவர் பொறுப்பேற்கட்டும். ஒருவர் பள்ளி மாறலாம், நோயில் படுக்கலாம், வீட்டில் இணைய வசதி இல்லாமல் இருக்கலாம். அவருடைய மடிக்கணினியில் மட்டும் கோப்புகள் இருந்தால் அந்தப் பக்கமும் அவரோடு போய்விடும். புலனத்தில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, அச்சில் மங்கலாகத் தெரியும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி ரத்தானால் என்ன செய்வது? பழைய படங்களைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். அந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சமையலறை மேசையில் இயங்கலை வகுப்பு, ஒரே கைப்பேசியை முறைபோட்டுப் பகிர்ந்துகொண்ட அண்ணன் தம்பிகள், ஆளில்லாத பள்ளிக்குக் காவலிருந்த பாதுகாவலர் என்று எழுத எவ்வளவோ இருக்கும். ஆனால் ஒரு வீட்டின் சிரமத்தை எழுதுமுன் அந்த மாணவரிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிடுங்கள். கூச்சப்படுபவரை வற்புறுத்தக் கூடாது.

அச்சகத்தாரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கத் தொகுதிகளாகவே அச்சடிப்பார்கள். நினைத்த நேரத்தில் மூன்று பக்கத்தை மட்டும் நீக்கினால் கணக்கு இடிக்கும். பக்க எண்ணிக்கையை மாற்ற எது கடைசி நாள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வையுங்கள்.

ஆலோசக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டம் கலைந்ததும் நீங்களே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தால் மலர் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் திட்டம் கலையும்போது கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வராமல் போகும். எந்தப் பக்கத்தை விடுவது, எதைச் சேர்ப்பது என்பதை அவர்களே பேசித் தீர்க்கட்டும். செலவும் பிழைதிருத்தமும் உங்கள் கண்காணிப்பில் இருந்தால் போதும்.

மலர் கைக்கு வந்ததும் யாரும் முதல்வர் உரையைத் தேடுவதில்லை. வகுப்புப் பக்கத்தைப் புரட்டித் தன் முகத்தைத் தேடுகிறார்கள். கீழே தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வரும் மாணவரின் படம் விடுபட்டால் அடுத்த மலரில் சேர்க்கலாம். ஐந்தாம் படிவ மாணவருக்கு அடுத்த மலர் கிடையாது.

பெற்றோரே, பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிப் பிள்ளை நீட்டினால், அன்றிரவே பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.