தீக்காயத்துக்கு ஓம எண்ணெயா? கொஞ்சம் பொறுங்க!

‘ஆன்டிபயாடிக்கே கொல்ல முடியாத கிருமியை ஓமம் கொல்லுது’ என்று ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். இது முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கலே.

ஓமத்தில் இருக்கும் தைமால், கிராம்பில் இருக்கும் யூஜினால் இரண்டும் பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சிதைத்து, உள்ளே இருப்பதைக் கசிய வைப்பவை. எம்.ஆர்.எஸ்.ஏ போன்ற முரட்டுக் கிருமிகள்கூட ஆய்வகத் தட்டில் இவற்றுக்கு அடங்குகின்றன. ஆனால் தட்டு வேற, வெந்த தோல் வேற. கிருமி சாகிற அடர்த்தியில் எண்ணெயை ஊற்றினால், புண்ணை ஆற்ற வேண்டிய நம் செல்களும் சேர்ந்தே அடிவாங்கும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துக்காரர்களுக்கு இது வெறும் வாட்ஸ்அப் விவாதம் இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று தேதியோடு நினைவு வைத்திருக்கும் மண் இது. விபத்துச் செய்தியில் நாம (மீடியாவும்தான்) பலி எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறோம். பிழைத்து வார்டுக்குப் போனவருக்கு அடுத்த சண்டை அங்கேதான் தொடங்குகிறது. தோல் என்ற காவல் போனதும் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்றவை புகுந்துவிடும். சூடோமோனாஸுக்கு இரட்டைச் சவ்வு. போதாததுக்கு, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு வேறு. தேயிலை மர எண்ணெய் உட்படப் பல எண்ணெய்கள் திணறுவது இதனிடம்தான்.

அப்போ மூலிகை வேஸ்ட்டா? அப்படியும் இல்லை. நம்ம மிளகில் இருக்கும் பைப்பரின், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் இதே மாதிரி பம்பை அடைக்கும் என்று ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.எம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நிறுவனமும் கெடிலா பார்மாவும் சேர்ந்து உருவாக்கிய காசநோய் மருந்து ‘ரிசோரின்’. அதில் 10 மி.கி. பைப்பரின் சேர்த்ததால், 450 மி.கி. கொடுக்க வேண்டிய ரிஃபாம்பிசின் 200 மி.கி.யாகக் குறைந்தது. மருந்து ரத்தத்தில் நன்றாகச் சேர மிளகு துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான். அதையும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே அனுமதித்தார்கள்.

விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. பட்டாசுத் தீக்காயங்களில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற பட்டியலை அங்கிருந்து ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. கேரளம் மாநில அளவிலேயே இப்படி வெளியிடுகிறதே! மூலிகை ஆய்வு செய்பவர்களுக்கும் எந்தக் கிருமியை முதலில் பிடிப்பது என்று அதிலிருந்து தெரியும்.

வீட்டில் யாருக்காவது தீக்காயம் பட்டால், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்க. ஐஸ், பற்பசை, மாவு, எந்த எண்ணெயும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்காதீங்க.