தீபாவளிக்குப் போன் பண்ணாத தாத்தா

வெளிநாட்டில் படிக்கும் பேரப் பிள்ளைகளுக்குத் தினமும் போன் பண்ணாதீர்கள். இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். என் வீட்டிலேயே வந்தது.

என் மகள் வயிற்றுப் பேத்தி 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பிரான்ஸுக்குப் போனாள். வயது பதினாறு. லுவார் நதிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அவ்வூர் லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், ஒரு ஆண்டு படிக்க வேண்டும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த தாத்தாவின் ஆசைதான் அவளை அனுப்பியது. நான் அந்த நாட்டை இன்றுவரை பார்த்ததில்லை.

முதல் இரண்டு மாதம் தினமும் வீடியோ கால். அவள் பள்ளி விட்டு வீடு சேரும்போது மதுரையில் இரவு ஒன்பதரை தாண்டிவிடும். என் மனைவி தூங்காமல் காத்திருப்பாள். என்ன சாப்பிட்டாய், குளிருக்கு உள்ளே என்ன போட்டிருக்கிறாய், தலைக்கு எண்ணெய் வைத்தாயா? கேள்வி கேட்கக் கேட்கப் பிள்ளை அழும். அது அழ, இவளும் அழுவாள். கீழே அந்த வீட்டார் சாப்பாட்டு மேசையில் காத்திருக்க, பேத்தி மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு மதுரையில் இருந்தாள். உடம்பு மட்டும்தான் பிரான்ஸில்.

கடைசியில் அந்தத் திட்டத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் என் மகளிடம் பக்குவமாகச் சொன்னார்: வாரம் ஒரு முறை பேசுங்கள், போதும். என் மனைவி ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. நான் அந்த அம்மையார் பக்கம் நின்றேன்.

காரணம் இருக்கிறது. 1970-களில் வேலைக்காக மதுரைக்கு வந்தபோது நானும் ஏறக்குறைய பரிமாற்ற மாணவன்தான். பிரெஞ்சில் கடிதம் எழுதுவேன். தமிழில் ஒரு ஆபீஸ் குறிப்பு எழுத வியர்க்கும். வீட்டுக்குப் பேச வேண்டுமானால் தபால் ஆபீஸில் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அந்த முதல் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹெட் கிளார்க் என்னைச் சோழவந்தான் பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். விருந்தாளி என்று உட்கார வைக்கவில்லை. வாளியைக் கையில் கொடுத்து மாட்டைக் குளிப்பாட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு மதுரை பிடித்தது. என் அம்மாவின் குரல் தினமும் காதில் விழுந்திருந்தால் நான் லாட்ஜ் அறையை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டேன்.

அதே காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் திட்டத்தில் மாணவர்கள் மதுரைக்கு வந்து ஒரு வருடம் தங்கித் தமிழ் படித்தார்கள். கோரிப்பாளையம் பக்கம் சைக்கிளில் போவார்கள். வீட்டுக்குக் கடிதம் போட்டுப் பதில் வர வாரக்கணக்காகும். அதற்குள் கடைக்காரரோடு சில்லறைச் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வந்துவிடும்.

இந்தப் பரிமாற்ற ஏற்பாட்டுக்கே அடிப்படை அதுதான். ஏ.எஃப்.எஸ். என்ற பெரிய அமைப்பு, முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் ஆம்புலன்ஸ் படையாகத் தொடங்கியது. இரண்டு போர்களைப் பார்த்த அவர்கள் 1947-ல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை ஒருவர் உண்டு வளர்ந்தால் பகை குறையும் என்ற நம்பிக்கை. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் அது நடக்குமா?

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதிகாலை நாலரைக்கு அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. என் மனைவி போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று எனக்குப் பலகாரம் தானாக வரவில்லை. நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி கூப்பிட்டாள். அழவில்லை. சிரித்தாள்.

அங்கே அப்போது இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. தீபாவளிக்கு அந்த வீட்டு அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க நினைத்திருக்கிறாள். கடை வாசலெல்லாம் செவ்வந்திப் பூந்தொட்டி. நம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் ஞாபகம் வந்து, மஞ்சளாக ஒன்று வாங்கி நீட்டியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு. நவம்பர் முதல் தேதி அங்கே சகல புனிதர் திருநாள். அதையொட்டிக் குடும்பத்தோடு கல்லறைக்குப் போவார்கள். கொண்டுபோகும் பூ செவ்வந்தி. அதை யாரும் வீட்டுக்குப் பரிசாகக் கொடுப்பதில்லை.

மறுநாள் அந்த அம்மா பேத்தியையும் கூட்டிக்கொண்டு தன் தாயாரின் கல்லறைக்குப் போயிருக்கிறார். பேத்தி வாங்கிய தொட்டியை அவள் கையாலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார். தாயாரைப் பற்றி வழியெல்லாம் பேசினாராம். "தாத்தா, அன்னைக்குத்தான் அவங்க வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்துச்சு" என்றாள்.

பாண்டிச்சேரியில் வளர்ந்த எனக்கு அந்தச் செவ்வந்தி விவரம் தெரியும். தீபாவளிக்கு முன்னால் பேசியிருந்தால் "அந்தப் பூவை வாங்காதே" என்று சொல்லியிருப்பேன். அவளும் ஒரு சாக்லேட் பெட்டியோடு முடித்திருப்பாள். அந்தக் கல்லறைக்கு யாரும் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஜனவரியில் பொங்கலுக்கு மறுநாள், புதன்கிழமை மதியம் பள்ளி இல்லாததால், அவர்கள் அடுப்பில் பொங்கல் வைத்தாள். பாலில் அரிசி வேகவைத்துச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவது அவர்களுக்கும் வழக்கம். ரி ஓ லே என்பார்கள். ஏலக்காய் மட்டும்தான் புதுசு.

போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை, பயமாக இருக்கிறது, யாராவது தப்பாக நடக்கிறார்கள் என்றால் நடு ராத்திரியிலும் கூப்பிடச் சொல்லி அனுப்புங்கள். மற்ற நாட்களில் கூப்பிடுவது பெரும்பாலும் நம் தனிமைக்குத்தான். அதை நாம்தான் சமாளிக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் அதையும் ஏற்றி விமானத்தில் அனுப்பக் கூடாது.

2025 ஜூலையில் பேத்தி திரும்பி வந்தாள். வந்த வாரமே அந்த வீட்டு அம்மாவின் வீடியோ கால், அடுத்தடுத்து மூன்று நாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

"பாவம், பேசட்டும் விடுங்க. பிள்ளையைப் பிரிஞ்சவங்க" என்றாள்.