பெரிய ஆட்டக்காரர்தான் பயிற்சியாளரா?
"இந்தியாவுக்கு ஆடாதவர் கிரிக்கெட் சொல்லித்தரலாமா?" என்று கேட்கிறார் நண்பர். சச்சின் டெண்டுல்கரின் பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று. மும்பை சிவாஜி பார்க்கில் 11 வயது சச்சின் முதல் நாள் அவர் முன்னால் பதறிச் சொதப்பினான். அச்ரேக்கர் கிளம்பிவிட்டதுபோல் காட்டிக்கொண்டு, மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். பையன் பயமில்லாமல் அடித்தான், சேர்த்துக்கொண்டார். பிறகு ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்தார்: அவுட்டாக்கும் பந்துவீச்சாளருக்கு அது சொந்தம், கடைசிவரை நின்றால் சச்சினுக்கு.

இந்த நுட்பமெல்லாம் வருஷக்கணக்காகச் சிறுவர்களைக் கவனித்ததில் வந்தது. தன் கவர் டிரைவ் தனக்கு எப்படி வாய்த்தது என்றே யோசித்திராத நட்சத்திரம், அது வராத பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவார்? நண்பர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.