சட்டி தட்டினது போதும், சம்பளத்தைப் பேசுவம்

தோழர்களே, 2020இல் நாங்களும் பால்கனியில நிண்டு தாதியருக்காகச் சட்டி தட்டினனாங்கள். அப்போதே ஒன்ராறியோ அரசின் 124ஆம் சட்டம் (2019) அவர்களின் சம்பள உயர்வை மூன்று வருஷத்துக்கு, ஆண்டுக்கு 1 சதவீதமாகப் பூட்டி வைத்திருந்தது. 2022இல் விலைவாசி ஏறினது 6.8 சதவீதம்! நகரப் பொலிசுக்கு அந்தப் பூட்டு இல்லை. பெண்கள் செய்யிற வேலை எண்டால் 'சேவை' எண்டு சொல்லிப் போடுவினம்.

2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது; அரசு சட்டத்தைக் கைவிட்டது.

இன்னொரு பூட்டு இருக்கு. அம்மா யாழ்ப்பாணத்தில் 14 வருஷம் தாதி. ஸ்காபரோவில் பராமரிப்பு உதவியாளர். அந்த 14 வருஷத்துக்குச் சம்பளத்தில் ஒரு சதமும் இல்லை. ஆனால் இரவில யாருக்கும் மூச்சு மாறினால் முதலில் கூப்பிடுறது அவவைத்தான்.