திருகுவதற்கு முன் சிந்திப்போம்



காய்ச்சல் 103 டிகிரி காட்டுகிறது. வெப்பமானியை உதறிப் பாதரசத்தைக் கீழே இறக்கிவிட்டு, "இதோ, காய்ச்சல் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் அதே செயலை வேறு பல இடங்களில் நாமே சிரிக்காமல் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு பழைய காரின் துணைகொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டுக்கு நண்பர் ஒருவருடைய காரில் சென்றிருந்தேன். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துக் கார்களைப் போலவே அதிலும் கார்புரேட்டர்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்பும் எஞ்சின் அடங்காமல் இரைந்தது. இத்தகைய எஞ்சின், வண்டி நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுகள் சுற்றினால் போதும். அதுவோ அதைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அடிவாரத்தில் ஒரு பட்டறையில் ஐட்லிங் திருகாணியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். அப்போது கொஞ்சம் குறைந்தது. இங்கே மலைக்காற்று மெல்லியது அல்லவா, அதனால் மறுபடி ஏறிவிட்டது" என்றார் நண்பர். கேட்பதற்கு அது சரியான விளக்கம் போலத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "மேல காத்து கம்மின்னா எஞ்சின் வேகம் குறையத்தானே சார் வேணும்? எப்படி ஏறும்?" என்று கேட்டான்.

இயற்பியல் விரிவுரையாளனாகிய நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது!

அவன் சொன்னது முற்றிலும் சரி. இதே மலைத்தொடரில் இருக்கும் காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. காற்றின் அடர்த்தியும் அதற்கேற்பக் குறைகிறது. அதே துளை வழியே எஞ்சினுக்குள் செல்லும் காற்று குறைந்து, பெட்ரோலின் விகிதம் சற்றே கூடும். ஆகவே ஐட்லிங் வேகம் சிறிது இறங்கலாமே தவிர, ஏறாது. மலையின் மீது போட்ட பழி பொய்யாகிவிட்டது.

அப்படியானால் உண்மைக் காரணம் எது? கார்புரேட்டரின் அடிப்பகுதியில் ஒரு வட்டத் தகடு உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். முழுவதும் மூடிவிடாமல் ஒரு சிறு இடைவெளி விட்டு அதைத் தாங்கி நிறுத்துவதுதான் ஐட்லிங் திருகாணி. திருகாணியைத் தளர்த்தினால் இடைவெளி குறையும், காற்றும் குறையும், எஞ்சின் வேகம் தணியும்.

நாங்கள் திருகாணியை முழுவதும் தளர்த்திப் பார்த்தோம். அது தகட்டைத் தொடவே இல்லை. அப்போதும் எஞ்சின் இரைந்தது. இந்தத் தோல்வியே ஒரு விடை என்பதைக் கவனியுங்கள். திருகாணி காவல் காக்கும் வாசல் வழியே அந்த மிகுதிக் காற்று வரவில்லை. ஒன்று, தகடு வேறு எதனாலோ திறந்து நிற்க வேண்டும். அல்லது, காற்று வேறு வழியில் நுழைய வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சோக் குமிழ் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்காமல் தளர்வாகவே இருந்தது. தகட்டை இழுத்து மூடும் சுருள்வில்லும் நன்றாக வேலை செய்தது. எனவே தகடு குற்றவாளி அன்று. மீதி இருந்தது காற்றுக் கசிவு ஒன்றுதான்.

தகடு ஏறக்குறைய மூடியிருக்கும்போது, பிஸ்டன்கள் இழுப்பதால் அதற்குக் கீழேயுள்ள குழாயில் அழுத்தம் மிகவும் குறைந்து, வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே அங்கே சிறு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே பாயும். அந்தக் குழாயிலிருந்து பிரிந்து செல்லும் ரப்பர் டியூப்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்தோம். ஒன்றை நசுக்கியதும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. விட்டதும் மீண்டும் எழுந்தது. டியூபின் முனையில், கிளிப்புக்கு அருகே ஒரு வெடிப்பு!

அந்த டியூப் எங்கே சென்றது தெரியுமா? பிரேக் சர்வோவுக்கு. இந்த அழுத்த வேறுபாட்டைக் கொண்டுதான் சர்வோ நம் காலின் விசைக்குத் துணைசெய்கிறது. மலை ஏறும்போதே "பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது" என்று நண்பர் சொல்லியிருந்தார். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் விட்டுவிட்டோம். இரைச்சலும் கடினமான பிரேக்கும் இரண்டு நோய்கள் அல்ல. ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். இரைச்சலைத் திருகாணியால் அடக்கிவிட்டு, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணவே நடுக்கமாக இருக்கிறது.

வெடித்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய டியூபை மாட்டிக் கிளிப்பை இறுக்கினோம். எஞ்சின் உடனே நின்றுபோயிற்று! ஏனெனில் கசிவு அடைபட்டுவிட்டது. திருகாணியோ தளர்ந்தே கிடந்தது. அதைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்ததும் எஞ்சின் அமைதியாக ஓடியது, பிரேக்கும் மிருதுவாயிற்று. ஒரு தவற்றை மறைக்கச் செய்த திருத்தம், தவறு நீங்கியதும் தானே ஒரு தவறாகிவிட்டதைப் பாருங்கள். ஊர் திரும்பிய பின் புதிய டியூபே போட்டுவிட்டார் நண்பர்.

(ஓடும் எஞ்சினில் மின்விசிறியும் சூடான குழாய்களும் உண்டு. பெரியவர் துணையின்றி யாரும் இதில் கை வைக்க வேண்டாம்.)

இனி நம் சோதனைச் சாலைக்கு வருவோம். தனி ஊசல் சோதனையில் 980 வர வேண்டிய இடத்தில் 910 வந்தால் என்ன செய்கிறோம்? அழிப்பானை எடுத்து, 'சரியான' விடை வரும்படி அளவீட்டை மாற்றி எழுதுகிறோம். அதுவும் திருகாணியைத் தளர்த்துவதுதான். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் விட்டோமா, அலைவுகளை எண்ணும்போது ஒன்று விடுபட்டுவிட்டதா என்று தேடியிருந்தால், அந்த 910 நமக்கு ஓர் ஆசிரியனாகியிருக்கும்.

எதிர்பாராத அளவீட்டை மதித்தவர்கள் இதே ஜவ்வாது மலையில் இருந்திருக்கிறார்கள். 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு அருகே வருவதைக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி கொண்டு பதிவு செய்தனர். எதிர்பாராத ஒரு நேரத்தில் விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைக் கருவியின் கோளாறு என்று தள்ளிவிடவில்லை. புதிய துணைக்கோளாக இருக்குமோ என்று எண்ணினர். பிற இடங்களில் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையத்தின் வேலை என்பது தெளிவாயிற்று.

மாணவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 980க்கு முழு மதிப்பெண், 910க்குக் குறைந்த மதிப்பெண் என்று நாங்கள் வழங்கும்வரை அழிப்பான்கள் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். செய்முறைத் தேர்வில் விடைக்கு இருக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது, விடை ஏன் விலகியது என்று ஆராய்வதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை விடை தவறாக வரும்போது, அழிப்பானைத் தொடுமுன் அந்த மலைச் சிறுவனைப் போல "எப்படி?" என்று ஒருமுறை கேளுங்கள்.