தார் சுற்றும் கைக்குப் பெயர் உண்டு

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கண்காட்சி. இரண்டு நாட்டுக் கலைஞர்கள், பண்பாட்டுப் பரிமாற்றம் என்றது அழைப்பிதழ். முன்கூடத்தில் அரூப ஓவியங்கள். உள்ளே இருட்டறையில் சுவர் முழுக்க ஒரு காணொலி. ஒரு பெண்ணின் கை ராட்டையைச் சுற்றுகிறது, நூல் தார்க்குச்சியில் ஏறுகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் கை மட்டும்தான். முகமில்லை, பேச்சில்லை. ராட்டைச் சத்தத்தை இழுத்து நீட்டி இசை போல ஆக்கியிருந்தார்கள். வெளியே வந்து விவரச் சீட்டைப் படித்தேன். படமெடுத்தவர் பெயர், ஒலி அமைத்தவர் பெயர், ப்ரொஜெக்டர் தந்தவர் பெயர்கூட இருந்தது. கைக்குரியவள் 'தென்னிந்திய நெசவாளப் பெண்'.

நான் அருப்புக்கோட்டைக்காரி. எங்கள் தெருவில் வெயில் ஏறுமுன் பாவு நீட்டிவிடுவார்கள்; பள்ளிக்கூடம் போகிற நாங்கள் நூலுக்கடியில் குனிந்து போவோம். அம்மா தார் சுற்றினாள். சமையலுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே, கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டும் சுற்றினாள். கேட்டால், "அவரு நெசவு, நான் சும்மா கூடமாட" என்பாள். சங்க அட்டை அப்பா பெயரில். இந்தச் 'சும்மா'வைத்தான் அந்த இருட்டறையில் கலையாக்கி மாட்டியிருந்தார்கள். வீட்டில் பெயர் இல்லாதவளுக்கு அங்கேயும் பெயர் இல்லை.

அரூபத்தில் முகம் எதற்கு, கை ஒரு படிமம், நீங்கள் அடையாள அரசியல் பேசுகிறீர்கள் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். அரூபம் என்ன கேட்கிறது என்று நஸ்ரீன் முகமதியிடம் பார்க்கலாம். 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, பரோடாவில் கற்பித்து, 1990இல் மறைந்தவர். தாளில் பென்சிலும் மையும் கொண்டு இழுத்த மெல்லிய கோடுகள்தாம் அவர் வாழ்நாள் வேலை. ஓவியங்களுக்குத் தலைப்புகூட வைக்கவில்லை. 2016இல் நியூயார்க்கில் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் அவர் படைப்புகளோடும் திறக்கப்பட்டது. தறியில் இழுத்துக் கட்டிய நூலை அவர் புகைப்படமும் எடுத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தெருதான் தெரிந்தது. கோட்டுக்குப் பெயர் இல்லை, போட்டவருக்கு உண்டு. அதற்கும் நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் விமர்சகர்களுக்கு அவரை அமெரிக்க ஓவியர் அக்னெஸ் மார்ட்டினோடு ஒப்பிடாமல் பேச்சு வராது. படித்த, நகரத்துப் பெண்ணுக்கே இந்த நிலை. தார் சுற்றுகிறவள் எந்த வரிசையில் நிற்பாள்?

1989இல் பாரிஸில் 'மாஜிசியன் த லா தேர்' என்ற பெரிய கண்காட்சி நடந்தது. 'பூமியின் மந்திரவாதிகள்' என்று பொருள். மேற்கையும் மற்ற உலகையும் சமமாக வைக்கப்போகிறோம் என்றார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களில் மிதிலையின் பௌவா தேவி ஒருவர். 1966-67 பீகார் வறட்சியின்போது, சுவரில் வரைந்துகொண்டிருந்த பெண்களிடம் கைவினை வாரியம் தாளைக் கொடுத்து, வரைந்தால் காசு என்றது. அந்தத் தாளில் இருந்து எழுந்து வந்தவர் அவர். வறண்ட காட்டில் பிறந்த எனக்கு அது புரிகிறது. ஆனால் மந்திரவாதி என்ற சொல் இடறுகிறது. கோடு போடுகிறவளுக்குத் திட்டம் இருக்கும், கணக்கு இருக்கும், பிடிக்காமல் அழித்துப் போட்டதும் இருக்கும். மந்திரம் என்றால் இதெல்லாம் இல்லை என்றாகிவிடும்.

காணொலிக் கலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமர் கன்வரின் 'தி லைட்னிங் டெஸ்டிமனீஸ்' 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமெண்டாவில் வைக்கப்பட்டது. எட்டுத் திரைகள், பெண்கள் மீதான பாலியல் வன்முறையின் சாட்சியங்கள். அதில் லுயிங்கம்லா வருகிறாள். மணிப்பூரின் தங்குல் நாகா பெண். 1986 ஜனவரியில் ராணுவ அதிகாரிகளின் பாலியல் தாக்குதலை எதிர்த்து நின்றதால் கொல்லப்பட்டாள். ஸம்திங்லா ருய்வா என்ற நெசவாளர் அவள் நினைவாக ஒரு கஷான் நெய்தார். கஷான் என்பது அங்கே பெண்கள் இடுப்பில் உடுத்தும் துணி. அதில் உருவம் கிடையாது. கோணங்கள், கோடுகள், திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள். தங்குல் பெண்கள் அதை உடுத்துகிறார்கள், லுயிங்கம்லா கஷான் என்றே அழைக்கிறார்கள். பெயரைத் தாங்குவதற்காகவே பிறந்த அரூபம் இது. படமெடுத்தவர் ஆண். ஆண் எடுக்கக் கூடாது என்பதல்ல என் வழக்கு.

நம்மூர் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அரூபம் மேற்கத்திய சரக்கு, கரிசல்காட்டுப் பெண்ணுக்கு அது எதற்கு என்று இலக்கியக் கூட்டங்களில் மைக் பிடித்துச் சொல்கிறவர்களே, உங்கள் வாசலைத் தாண்டித்தானே வந்தீர்கள்? சிக்குக் கோலம் எதைக் காட்டுகிறது? திருச்சுழியில் என் அம்மாச்சியிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், "இது என்ன அம்மாச்சி, பூவா, பாம்பா?" "கோலம்டி" என்றாள். தெளிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில், குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிற நாளில், காய்ந்த மண்ணிலேயே போடுவாள். காற்று கொண்டுபோகும். மறுநாள் வேறொன்று. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஆராய்ந்தார்கள். கணிதம் அதை மதித்த அளவுக்குக்கூட ஓவிய உலகம் மதிக்கவில்லை. அங்கே அது இன்னும் 'நாட்டார்', 'அலங்காரம்'.

காசு விஷயமும் இருக்கிறது. காணொலிப் படைப்பை மூன்று பிரதி, ஐந்து பிரதி என்று எண்ணிட்டு விற்பார்கள். அந்த எண்ணில் கைக்காரிக்குப் பங்கு எத்தனை? விவரச் சீட்டில் பெயர், விற்றால் பங்கு, வெட்டி ஒட்டிய படத்தை முதலில் அவள் தெருவில் அவளுக்குப் போட்டுக் காட்டுவது. இம்மூன்றும் இல்லாமல் எந்தப் பரிமாற்றம்? ஒரு பக்கம் மட்டும் கொடுப்பதற்கு எங்கள் ஊரில் வேறு சொல் வைத்திருக்கிறோம்.

அன்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் இதைக் கேட்டேன். இளம்பெண், பாவம், அவளும் தினக்கூலியாகத்தான் இருக்கவேண்டும். "ஒப்புதல் படிவம் வாங்கியிருக்காங்க மேடம், பணமும் குடுத்திருக்காங்க" என்றாள். அப்படியானால் படிவத்தில் பெயர் இருக்குமே என்றேன்.

"இருக்கும் மேடம். தேடிப் பார்க்கணும்."