வாடிக்கை வேறு, பற்று வேறு

காலை 10 மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் இந்தியாவின் பல்கலைக்கழக விடுதிகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். பண்டிகைக்கு ஊர் திரும்ப வேண்டிய மாணவர் ஐஆர்சிடிசி தளத்தைத் திறந்து, பயணிகளின் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். குளிரூட்டப்பட்ட வகுப்புகளுக்கான தத்கல் முன்பதிவு 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கானது 11 மணிக்கும் தொடங்கும். சீட்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த பண்டிகைக்கும் அவர் அதே தளத்துக்குத்தான் வருவார். ஒருவர் எத்தனை முறை திரும்பி வருகிறார் என்பதை வைத்து விசுவாசத்தை அளக்கும் சந்தைப்படுத்தல் வழக்கத்தை ஏற்றுக்கொண்டால், இந்த மாணவரைவிட விசுவாசமான வாடிக்கையாளர் வேறெங்கும் கிடைக்கமாட்டார். அளவுகோலில் ஏதோ பிழை இருக்கிறது என்பதை உணர்த்த இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

‘வாடிக்கையாளர்’ என்ற தமிழ்ச் சொல் இங்கே ஒரு தெளிவைத் தருகிறது. வாடிக்கை என்றால் வழக்கம். ஒரே கடையில் வழக்கமாக வாங்குபவர் வாடிக்கையாளர். அவருக்கு அந்தக் கடையின்மீது அன்பு உண்டா இல்லையா என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை. ‘விசுவாசம்’ என்ற சொல்லோ பணியாளரிடம் எசமான் எதிர்பார்க்கும் பண்பையே பெரிதும் குறித்து வந்திருக்கிறது. பணம் கொடுப்பவர் விசுவாசமாக இருக்க வேண்டும், பணம் பெறுபவர் அந்த விசுவாசத்தை அளந்து பார்ப்பார் என்ற தலைகீழ் நிலையை அச்சொல் மறைத்துவிடுகிறது. எனவே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது: வேறு வழியில்லாததால் வருவது கட்டாயம், பழகிவிட்டதால் வருவது வாடிக்கை, போக வழியிருந்தும் போகாமல் இருப்பது பற்று. இணையச் சேவைகள் மூன்றையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துக் கணக்குக் காட்டுகின்றன. பயன்படுத்துவோர் அந்தக் கணக்கை ஏற்க வேண்டியதில்லை. கல்வியுலகம் ஏற்கவே கூடாது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலின் தலைப்பே வெளியேற்றம், குரல், பற்றுறுதி என்ற மூன்று சொற்களால் ஆனது. ஒரு நிறுவனம் தரம் தாழும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: விட்டுப் போகலாம், அல்லது குரல் எழுப்பலாம். அவரது சிந்தனைக்கு வித்திட்டது நைஜீரிய இரயில்வே. லாரிப் போக்குவரத்து போட்டிக்கு வந்த பின்னரும் அந்த இரயில்வே திருந்தவில்லை. ஏனெனில், உரக்கக் குறைகூறக்கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லாரிக்கு மாறிவிட்டனர். எஞ்சியவர்களின் குரலுக்கு வலுவில்லை. பற்று என்பது வெளியேறுவதைச் சற்றுத் தாமதப்படுத்தி, குரலுக்கு வாய்ப்பளிக்கும் விசை என்பது ஹிர்ஷ்மனின் கருத்து. அதாவது, பற்றுடையவர் மௌனமாக இருப்பவர் அல்லர். போகாமல் நின்று கேள்வி கேட்பவர்.

இந்திய இரயில் முன்பதிவிலும் இதன் சாயலைக் காணலாம். 2002 முதல் இணையத்தில் பயணச்சீட்டு வழங்கிவரும் ஐஆர்சிடிசி, வரிசையில் நிற்கும் துன்பத்திலிருந்து கோடிக்கணக்கானோரை விடுவித்தது என்பதை மறுக்க முடியாது. பிற செயலிகள் சீட்டு விற்றாலும் அவையும் அதே அமைப்பின் வழியாகவே விற்கின்றன. வசதியுள்ளவர் விமானத்துக்கு மாறிவிடலாம். மாற முடியாத மாணவரும் கூலித் தொழிலாளியும் சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். இவர்களது வருகையைப் பற்று என்று கொண்டாடுவது, ஒரே கிணறு உள்ள ஊரில் அந்தக் கிணற்றின்மீது மக்களுக்குத் தனி அன்பு என்று சொல்வதைப் போன்றது.

இதற்கு நேரெதிராக, கதவைத் திறந்து வைத்தே கட்டப்பட்ட அமைப்பு யுபிஐ. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016இல் அறிமுகப்படுத்திய இம்முறையில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பலாம். செயலியை மாற்றினால் கணக்கு மாறாது, பணம் நகராது, தேநீர்க் கடைக்காரரின் குறியீட்டு அட்டையும் மாற வேண்டியதில்லை. ஆயினும் பரிமாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டு செயலிகளின் வழியாகவே நடக்கின்றன. எந்தச் செயலியும் மொத்த எண்ணிக்கையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை அக்கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. அதை நடைமுறைப்படுத்தும் கெடு தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் இறுதிவரை வந்துவிட்டது.

கதவு திறந்திருந்தும் எவரும் போகவில்லையே, அப்படியானால் இது பற்றுதானே என்று கேட்கத் தோன்றும். அது வாடிக்கை. விரல் பழகிய இடத்துக்கே மீண்டும் போகிறது. ஆனால் இதனால் திறந்த கதவுக்குப் பயனில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு செயலி ஒரு பிற்பகல் முழுதும் முடங்கினால் மக்கள் அடுத்த நிமிடமே இன்னொன்றைத் திறப்பார்கள் என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். வெளியேற்றம் நிகழாவிட்டாலும் நிகழக்கூடும் என்ற அச்சமே சேவையை ஒழுங்காக வைத்திருக்கிறது. வாடிக்கை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஆர்குட் சான்று. 2004இல் தொடங்கிய அத்தளம் பிரேசிலிலும் இந்தியாவிலும் ஒரு தலைமுறையின் இணைய முற்றமாக இருந்தது. 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டபோது, அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தனர். நண்பர்கள் போன இடத்துக்கு நண்பர்கள் போனார்கள். பற்று நண்பர்களின்மீது இருந்தது. தளத்தின்மீது இருந்தது வாடிக்கை.

அப்படியானால் பற்று எப்படிப் பிறக்கிறது? மளிகைக் கடையின் கணக்கு நோட்டு இதற்கு விடை சொல்லும். மாதம் முழுவதும் பொருள் வாங்கிச் சம்பள நாளில் கணக்குத் தீர்க்கும் வழக்கத்தில், முதலில் நம்பியவர் கடைக்காரர். இணைய வணிகத்தில் அந்த நோட்டுக்கு இணையாக வந்தது, பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறை. 2007இல் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட் 2010இல் இம்முறையைக் கொண்டுவந்தது. பணம் வாங்காமல் பொருளை அனுப்புவதில் இழப்பு நேரலாம். வாங்குபவர் மறுத்தால் இரு வழிச் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும். அந்த இடரை விற்பவர் ஏற்றுக்கொண்டதால்தான், கடன் அட்டை இல்லாத, இணையத்தில் பணம் செலுத்த அஞ்சிய இலட்சக்கணக்கானோர் முதன்முறையாக இணையத்தில் பொருள் வாங்கத் துணிந்தனர். நம்பிக்கையைக் கேட்டுப் பெறவில்லை, கொடுத்துப் பெற்றார்கள்.

பற்றை வளர்க்கும் இன்னொன்று, பிழையை ஒப்புக்கொள்ளுதல். 2014 அக்டோபர் 6 அன்று அதே நிறுவனம் நடத்திய பெரும் தள்ளுபடி விற்பனையில் தளம் திணறியது; பொருள்கள் தீர்ந்துபோயின; விலைகள் மாறின. மறுநாளே நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினர். மன்னிப்பு எந்தக் குறையையும் தானாகச் சரிசெய்துவிடாது. ஆனால் குறை நேர்ந்தது என்பதை எதிரில் இருப்பவரே ஒப்புக்கொள்ளும்போது, குரல் எழுப்பியவருக்குத் தன் குரல் கேட்டது என்பதற்கு அடையாளம் கிடைக்கிறது.

பற்றை ஈட்ட முடியாதவர்கள் கதவைப் பூட்டுகிறார்கள். சேர்வதற்கு ஒரே ஒரு பொத்தானும், விலகுவதற்கு ஐந்தாறு பக்கங்களும் வைப்பது இன்று பரவலான தந்திரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இத்தகைய 13 ஏமாற்று வடிவமைப்புகளை வகைப்படுத்தித் தடைசெய்தன. சந்தாவிலிருந்து விலகவிடாமல் சிக்க வைப்பதும் அவற்றுள் ஒன்று. விலகுவதைக் கடினமாக்கும் எந்தச் சேவையும், தன்னிடம் இருப்பவர்கள் விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை தனக்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறது.

ஆய்வுலகின் நிலையும் இதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டியது. இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் நாள்தோறும் காலையில் திறந்து பார்க்கும் ஆர்க்கைவ் தளத்தை 1991இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கினார். 2001இல் அது கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, கண்ணைக் கவரும் அலங்காரமும் இல்லை. இட்ட கட்டுரையை ஆசிரியர் வேறெங்கும் வைக்கலாம்; எவரையும் அது பிடித்து வைப்பதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத எண் உண்டு. திருத்தப்பட்டால் பழைய வடிவமும் அழியாமல் இருக்கும். புவான்கரே ஊகத்துக்கான நிறுவலின் முதல் பகுதியை 2002 நவம்பரில் கிரிகோரி பெரல்மான் வெளியிட்டது இங்கேதான். பின்னர் எந்த ஆய்விதழிலும் அவர் அதை வெளியிடவில்லை. பல நூற்றாண்டு மரபுடைய இதழ்களைவிட இந்த எளிய தளத்தின்மீது ஓர் ஆய்வாளர் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. எதையும் கேட்காமல், சொன்னதைத் தவறாமல் செய்து, போக விரும்பினால் தடுக்காமல் இருந்ததே அது ஈட்டிய பற்றின் முழு இரகசியம்.

இந்தியாவில் சோத்கங்காவின் நிலை சற்றுக் கலப்பானது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதியால் அது வளர்ந்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் நடுவம் அதை நடத்துகிறது. ஒப்படைப்பவருக்கு அது கட்டாயம். ஆனால் படிக்க வருபவரை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு சிற்றூர்க் கல்லூரியின் மாணவி, தொலைதூரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வேட்டைப் பயணச் செலவின்றிப் படிக்க முடிவது அதனால்தான். இயல்கள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடப்பதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே அவர் மீண்டும் வருகிறார். அந்த முணுமுணுப்பு மதிப்புடையது. அது பற்றிலிருந்து எழும் குரல். அதைக் கேட்கும் வழியை ஒரு பொதுச் சேவை அமைத்துக்கொண்டால் கட்டாயத்தில் பிறந்ததும் பற்றாக முதிரக்கூடும்.

எச்சரிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடத்தை இலவசமாகத் தந்துவந்த கூகுள், அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2021இல் அறிவித்தது. நிறுவனம் ஒன்றுக்கு அடிப்படையாக 100 டெராபைட் என்ற பொது வரம்பு வந்தது. ஒப்பந்த விதிகளை மாற்றும் உரிமை சேவை தருபவருக்கு உண்டு என்பதில் வழக்கில்லை. ஆனால் களப்பணிப் பதிவுகளையும் நேர்காணல் ஒலிக்கோப்புகளையும் ஆண்டுக்கணக்கில் அங்கே குவித்தவர்கள், அவற்றை எங்கே கொண்டுபோவது என்று அதுவரை எண்ணியிருக்கவில்லை. இலவசம் என்ற சொல் வெளியேறும் வழியைப் பற்றிய கேள்வியையே மறக்கச் செய்திருந்தது.

இப்போது அதே கேள்வி நாடு தழுவிய அளவில் எழுகிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறக்கப்படுகின்றன. சந்தாவுக்கு வழியில்லாத கல்லூரிகளுக்கு இது பெரும் வரம். வாயிலைத் திறந்து விட்டதற்காக அரசைப் பாராட்டலாம். ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஓர் ஆய்வாளர் தலைமுறை இந்த இதழ்களைச் சுற்றியே தன் வாசிப்பையும் பாடத்திட்டத்தையும் அமைத்துக்கொள்ளும். அதன்பின் விலை பேச அமரும்போது, எதிர்த்தரப்பில் இருப்பவருக்குத் தெரிந்த ஓர் உண்மை இருக்கும்: இவர்களால் இனி விட்டுப்போக முடியாது. வாடிக்கை முற்றினால் கட்டாயமாகும் இடம் அதுதான். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் களஞ்சியங்களையும் இதழ்களையும் அதே காலத்தில் வலுப்படுத்தினால் மட்டுமே பேரம் பேசும் வலு மிஞ்சும்.

ஆகவே ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது துறைத் தலைவரும் நூலகரும் ஆய்வு மாணவரும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. போகும்போது தன் உடைமைகளை, வேறிடத்தில் பயன்படும் வடிவத்தில், எடுத்துக்கொண்டு போக முடியுமா? குறை சொன்னால் பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவரிடமிருந்து மறுமொழி வருமா? புதிதாக வருபவருக்குத் தரும் மரியாதை பத்தாண்டாக இருப்பவருக்கும் கிடைக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் சேவை மிகச் சாதாரணத் தோற்றத்தில் இருக்கலாம். அதனிடம் பற்று வைப்பதில் பிழையில்லை. முதல் கேள்விக்கே மழுப்பினால், எவ்வளவு வசதியாக இருந்தாலும் அங்கே சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு படியை வெளியே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கடிகாரத்தைப் பார்த்தபடி தத்கலுக்காகக் காத்திருக்கும் மாணவர் தன் நிலையை நன்றாகவே அறிவார். அதை அவர் பற்று என்று ஒருபோதும் சொல்லமாட்டார். அவரைவிட இடரில் இருப்பவர், தான் எங்கே பூட்டப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாமல், பூட்டிய அறையைத் தன் விருப்பமான இடம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்.